முதியவர்களுக்குத் தரைத்தளம் போதுமா, லிஃப்ட் வேண்டுமா?

வண்ணாரப்பேட்டை வாசி:
நெல்லையில் எங்கள் அரசுக் குடியிருப்பில் லிஃப்ட் கேட்டு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடவில்லை. வைப்பதை அரசு வைத்துவிடும்; மாதாமாதம் கரண்ட் பில் யார் கட்டுவது? பீடி சுற்றிப் பிழைக்கிற வீடுகளில் பராமரிப்புத் தொகையே பாக்கி. 2015இல் வந்த அனைவருக்கும் வீடு திட்டத்தின் விதியிலேயே, முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குடும்பங்களுக்குக் கூடியவரை தரைத்தளமோ கீழ்த்தளமோ ஒதுக்கவேண்டும் என்றிருக்கிறது. அதைச் செய்தால் போதும்.

பேட்டை ஆச்சியின் பேத்தி:
அண்ணாச்சி, எங்கள் குடியிருப்பு அந்தத் திட்டத்துக்கும் முந்தியது. குலுக்கலில் மூன்றாம் மாடி விழுந்தபோது ஆச்சிக்கு 58 வயது. காற்று வருகிறது என்று மகிழ்ந்தாள். இப்போது 72. படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான். ஏறும்போது வலக்கைக்கு வரும், இறங்கும்போது இடக்கைக்கு. ஆச்சிக்கு வாதம் வந்தது இடப்பக்கம். அதனால் சுவரில் சாய்த்த ஏணியில் இறங்குவதுபோல, திரும்பி நின்று பின்பக்கமாகவே மூன்று மாடியும் இறங்குகிறாள். உங்கள் விதி வீடு ஒதுக்கும் நாளைப் பார்க்கிறது. மூப்பு அதற்குப் பிறகுதானே வருகிறது?

மேலப்பாளையம் மேஸ்திரி:
தரைத்தளம் என்றால் படியே கிடையாது என்று யார் சொன்னது? பேஸ்மட்டத்தை இரண்டரை அடி தூக்கித்தான் கட்டுகிறோம். சாய்தளக் கணக்கு 1க்கு 12. இரண்டரை அடி ஏற 30 அடி நீளம் வேண்டும். நான் பார்த்த இடங்களில் ஆறடிக்குள் சிமெண்டைச் சரித்துப் பூசியிருக்கிறார்கள். பைக் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது.

சிந்துபூந்துறை:
2023 டிசம்பர் வெள்ளத்தை எல்லோரும் மறந்தாயிற்றா? தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது தரைத்தளத்துப் பெரியவர் ஒருவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். மூன்று நாள் கரண்ட் இல்லை. லிஃப்ட் இருந்திருந்தாலும் சும்மா நின்றிருக்கும்.

பேட்டை ஆச்சியின் பேத்தி:
மூன்று நாள் நிற்கும் என்று மீதி 362 நாளும் வேண்டாம் என்கிறீர்களா?

வண்ணாரப்பேட்டை வாசி:
கோபப்படாதே அம்மா. கம்பியை இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லி மனு எழுது, முதல் கையெழுத்து என்னுடையது. லிஃப்ட் விஷயத்தில் மாற மாட்டேன். கீழ்வீட்டில் இளவட்டம் யாராவது இருந்தால் வீட்டை மாற்றிக்கொள்ளலாமே?

பேட்டை ஆச்சியின் பேத்தி:
கேட்டோம், அவருக்கும் சம்மதம். ஒதுக்கீட்டு ஆணை அவரவர் பெயரில் இருப்பதால் அனுமதி கேட்டு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. இதற்கிடையில் போன வாரம் அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார், இரண்டு முழங்காலிலும் வலியோடு.