லாட்டரிச் சீட்டுக் காசில் நடந்தால் பொதுப்பள்ளி இல்லையா?

கெண்ட் மீனா: ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "வாஷிங்டன் மாநிலத்தில் சார்ட்டர் பள்ளிகள் நம் வரிப்பணத்தைத் தின்கின்றன. பேருக்குத்தான் பொதுப்பள்ளி." கையில் கேக் தட்டு இருந்ததால் சும்மா வந்துவிட்டேன். சார்ட்டர் என்றால் அரசுப் பணத்தில் லாபநோக்கற்ற தனி அமைப்பு நடத்தும் பள்ளி. என் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் ஆறாவது படிக்கிறாள். கட்டணம் ஒரு டாலர் கிடையாது. 2016 சட்டப்படி மாநிலம் தரும் பணம் லாட்டரி வருமானக் கணக்கிலிருந்து வருகிறது. உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் வசூலிக்கும் லெவி என்ற சொத்து வரியில் பங்கே இல்லை. தெரியாமல் பேசாதீர்கள்.

ரெட்மண்ட் ராசா: அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 2015 செப்டம்பர் 4, மாநில உச்ச நீதிமன்றம், 6-க்கு 3. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் நடத்தாத பள்ளி பொதுப்பள்ளி இல்லை. 1909-லேயே சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார்கள். உங்கள் பள்ளி வாரியத்துக்கு நீங்கள் எப்போது ஓட்டுப் போட்டீர்கள்?

டகோமா தம்பி: அண்ணே, தீர்ப்பில் இருப்பது 'காமன் ஸ்கூல்', அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் நடத்தும் பள்ளி. 'பப்ளிக் ஸ்கூல்' வேறு. காமன் ஸ்கூலுக்கென்று ஒதுக்கிய பணத்தை இவர்களுக்குத் தரக்கூடாது, அவ்வளவுதான்.

ரெட்மண்ட் ராசா: வக்கீல் வேலை வேண்டாம். ஓட்டுப் போட்டீர்களா, இல்லையா?

கெண்ட் மீனா: 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே சார்ட்டர் பள்ளிகளை அனுமதிக்கும் 1240-ஆம் எண் முன்மொழிவு நிறைவேறியது?

ரெட்மண்ட் ராசா: 1996, 2000, 2004 மூன்று தடவையும் அதே மக்கள் வேண்டாம் என்றார்களே, அது கணக்கில் வராதா? நாலாவது தடவை பில் கேட்ஸ் 30 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிய பிறகு நூலிழையில் தேறியது. நான் கேட்டது வாரியத்துக்கு. வா-ரி-யம்.

டகோமா தம்பி: அதே கேட்ஸ் ஆரம்பித்த கம்பெனியில்தான் அண்ணன் பதினைந்து வருஷமாகச் சம்பளம் வாங்குகிறார். அது இனிக்கிறது.

ரெட்மண்ட் ராசா: செய்த வேலைக்குச் சம்பளம். பொங்கல் விழாக் கணக்குக் கேட்டபோதும் நீ இப்படித்தான் பேச்சை மாற்றினாய்.

பெல்வியூ பாலா: லாட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் குலுக்கலை ஜூமில் காட்டினார்கள். ஒரு எக்ஸெல் தாள், பேர்கள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன. என் பையன் காத்திருப்புப் பட்டியலில் 58. லாட்டரிப் பணம் என்றால் எங்களுக்கு ஆறுதல் பரிசாவது உண்டா?

கெண்ட் மீனா: பாலா, அது வேறு லாட்டரி. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்க வேண்டும் என்பது சட்டம். பணம் வருவது கடையில் விற்கும் சீட்டிலிருந்து.

ரெட்மண்ட் ராசா: அதே கணக்கிலிருந்துதான் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை போகிறது. இங்கே எடுத்தால் அங்கே விழும் ஓட்டையை அடைப்பது யார்? நம் வரி. இடது பையிலிருந்து வலது பைக்கு. அப்போதைய ஆளுநர் இன்ஸ்லீயே அந்த 2016 சட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை, தெரியுமா?

டகோமா தம்பி: போடாமலே சட்டமானது என்பதையும் சொல்லுங்கள். 2018 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றதையும் சொல்லுங்கள்.

ரெட்மண்ட் ராசா: 2018-ல் வாரியத்துக்குத் தேர்தல் வைத்தார்களா?

ஸ்போகேன் வாத்தியார்: எனக்கு ஒரு சந்தேகம். 2015 தீர்ப்பு பள்ளி திறந்த பிறகு வந்ததே, பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

கெண்ட் மீனா: சார், நீங்கள் ஒருத்தர்தான் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். மேரி வாக்கர் என்ற சின்னப் பள்ளி மாவட்டம் பெரும்பாலான பள்ளிகளைத் தன் பேரில் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷம் அப்படித்தான் ஓடியது.

ரெட்மண்ட் ராசா: பின்வாசல்.

கெண்ட் மீனா: உங்கள் வீட்டுப் பக்கம் நல்ல பள்ளி இருக்கிறது, பேசுகிறீர்கள். என் மகள் காலை 6.10-க்கு இருட்டில் நிற்கிறாள், ஆனாலும் சந்தோஷமாகப் போகிறாள்.

ரெட்மண்ட் ராசா: சந்தோஷம் சட்டமாகாது மீனா. வாரியத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? இதற்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. தம்பி, பொங்கல் கணக்கில் அந்த 340 டாலருக்கும்தான்.

டகோமா தம்பி: வாழை இலை வாங்கினது அண்ணே. ரசீது அனுப்பி மூன்று மாசம் ஆகிறது. ஸ்பாமில் பாருங்கள்.

ரெட்மண்ட் ராசா: பார்த்தேன். இல்லை.