வருகைக்கு ஆயத்தம்: பரிசுத்தமா, அன்பா?

எண்ணெய்விளக்கு:
இப்போது எந்தச் சபைக்குப் போனாலும் அன்பு, அன்பு என்றுதான் பிரசங்கம். பரிசுத்தத்தைப் பற்றி வாய் திறந்தால் 'நியாயந்தீர்க்காதீர்கள்' என்று அடக்கிவிடுகிறார்கள். பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்று எபிரெயர் 12:14-இல் இருக்கிறதே! இயேசு சொன்ன உவமையில், மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் ஐந்து பேருக்குக் கதவு அடைபட்டது ஆயத்தமில்லாததால்தான். இயேசுவின் இரண்டாம் வருகை சமீபமாயிருக்கும்போது விசுவாசிகளுக்கு முதலில் உலகத்தைவிட்டுப் பிரிந்து வாழக் கற்றுக்கொடுங்கள். அன்பு தானாக வரும்.

மக்கெதோனியன்:
தானாக வராது பிரதர். வருமென்றால் அப்போஸ்தலனாகிய பவுல் அதற்காக ஜெபித்திருக்க வேண்டியதேயில்லை. 1 தெசலோனிக்கேயர் 3:12, 13 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். நீங்கள் ஒருவர்மேல் ஒருவரும் மற்ற எல்லார்மேலும் வைக்கும் அன்பில் கர்த்தர் உங்களைப் பெருகச் செய்வாராக. இவ்விதமாய் இயேசு வரும்போது பிழையற்ற பரிசுத்தத்தோடு நிற்கும்படி உங்கள் இருதயங்களை ஸ்திரப்படுத்துவாராக என்பதுதான் ஜெபம். இருதயம் பரிசுத்தத்தில் ஸ்திரப்படுவதே அன்பு பெருகும் வழியாகத்தான். நீங்கள் காட்டிய எபிரெயர் வசனமும் 'யாவரோடும் சமாதானமாயிருக்க நாடுங்கள்' என்றுதான் தொடங்குகிறது.

யாருக்கு எழுதினார் என்றும் பாருங்கள். கலகம் மூண்டு, பவுலும் சீலாவும் இரவோடு இரவாக அனுப்பிவைக்கப்பட்ட தெசலோனிக்கே பட்டணம் அது (அப்போஸ்தலர் 17). கி.பி. 50 வாக்கில் கொரிந்துவிலிருந்து கடிதம் எழுதும்போது, அங்கிருந்தவர்கள் சொந்த ஜனங்களாலேயே பாடுபட்டிருந்தார்கள். அவர்களிடம் போய் 'எல்லார்மேலும்' என்கிறார். துன்பப்படுத்துகிறவனும் அதில் அடக்கம்.

கேள்விநேரம்:
ஏறக்குறைய 2000 வருஷமாகக் காத்திருக்கிறோம். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் வருகைக்கு 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைச்சலை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டார்கள். வருகைப் பேச்சை விட்டுவிட்டு, இன்றைக்குச் செய்ய வேண்டிய நன்மையைச் செய்தால் போதாதா?

மக்கெதோனியன்:
நாள் குறித்தது தவறு. அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36-ஐ மீறிய செயல். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசியையும் பாருங்கள். எஜமான் வர நாள் செல்லும் என்று எண்ணிய ஊழியக்காரன் முதலில் செய்தது, உடன்வேலைக்காரரை அடித்தது. எதிர்பார்ப்பு மங்கினதும் அடி விழுந்தது கூட இருந்தவன் முதுகில்! தெசலோனிக்கேயாவிலும் வேலை செய்யாமல் திரிந்தவர்கள் இருந்தார்கள். பவுல் அவர்களிடம் வருகையை மறக்கச் சொல்லவில்லை. உழைத்துச் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொன்னார்.

மடல்மலர்:
என் அம்மா கடைசி மாதங்களில் படுத்த படுக்கை. பிரிந்து வாழ்வதில் ரொம்பக் கண்டிப்பான சபை எங்களுடையது. விசாரிக்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, 'அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா?' என்று கேட்டார்கள். பேசக்கூட முடியாத அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு ஒரு அக்கா மட்டும் நின்றார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை உருவி, புண்ணில் கை படாமல் முதுகைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தார். பத்துக் கன்னிகைகளைச் சொன்ன அதே மத்தேயு 25-இல்தான் 'வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள்' என்பதும் இருக்கிறது, பிரதர்.

எண்ணெய்விளக்கு:
சிஸ்டர், உங்கள் அம்மாவிடம் அவர்கள் கேட்டதைப் பரிசுத்தம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான் எதற்காகக் கொதிக்கிறேன் என்பதையும் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பொறுப்பிலிருந்தவர் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டார். மூப்பர்கள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அன்பு திரளான பாவங்களை மூடும் என்ற வசனத்தை வாசித்துக்காட்டி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறே அந்த மனுஷர் பிரசங்க பீடத்தில்! நான் எதிர்ப்பது இந்த 'அன்பை'த்தான்.

மக்கெதோனியன்:
இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். அந்த மூப்பர்கள் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ வாசித்திருக்க வேண்டும். வேசிமார்க்கத்துக்கு விலகுங்கள் என்று தொடங்கும் பவுல், இந்த விஷயத்தில் ஒருவனும் தன் சகோதரனுக்கு அநியாயம் செய்யக்கூடாது, கர்த்தர் அதற்கு நீதி சரிக்கட்டுவார் என்று எச்சரிக்கிறார். அசுத்தம் அவர் பார்வையில் இன்னொரு மனுஷருக்குச் செய்யும் அநியாயமும்கூட. அந்த மூப்பர்களிடம் பரிசுத்தமும் இல்லை, அந்தப் பெண்மேல் அன்பும் இல்லை. கிறிஸ்துவின் நாளுக்கென்று இடறலற்றவர்களாயிருக்க அன்பு அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும் என்பது பிலிப்பியர் 1-இன் ஜெபம். கண்ணை மூடிக்கொள்ளும் அன்பைப் பவுல் எங்கும் கேட்கவில்லை.

எண்ணெய்விளக்கு:
அப்படியானால் தவறு செய்தவரை விலக்கிவைக்க வேண்டும். அன்பைப் பேசுகிற சபைகள் அதைச் செய்கின்றனவா?

மக்கெதோனியன்:
பல சபைகள் செய்வதில்லை, உண்மை. விலக்கத்தான் வேண்டும். பீடத்திலிருந்து இறக்கி, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்ல வேண்டும். ஆனாலும் அவனைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாகப் புத்திசொல்லுங்கள் என்கிறது 2 தெசலோனிக்கேயர் 3:15. உங்கள் 'முதலில் பிரிவு, அன்பு தானாக வரும்' என்ற வரிசையில் இந்த வசனத்துக்கு இடமேயில்லை.

எண்ணெய்விளக்கு:
என்னைப் பொறுத்தவரை வரிசை அதுதான். பயம் இல்லாத இடத்தில் அன்பு சீக்கிரம் சலுகையாகிவிடும்.

மடல்மலர்:
அந்தப் பெண்ணோடு இப்போது யாராவது இருக்கிறார்களா, பிரதர்?

எண்ணெய்விளக்கு:
என் மனைவி பேசிக்கொண்டிருக்கிறார். ஆராதனைக்கு வரவே கூசுகிறது என்கிறாராம்.

மடல்மலர்:
வரச்சொல்லி நெருக்க வேண்டாம். உங்கள் மனைவி அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும். அவர் புகார் கொடுக்க முன்வந்தால் நீங்கள் இருவரும் கூடப் போங்கள்.