வேட்டிக்குப் பாக்கெட் வந்தாச்சு!

செந்தூல்காரன்:
ஆண்கள் உடுப்பு மாறிக்கொண்டே வருவதில் நீங்கள் பார்த்த வேடிக்கைகளை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பர்கள் அத்தனை பேரும் மெரூன் ஜிப்பா, அதே நிறத்தில் கரை வைத்த வேட்டி. மாமாக்கள் எல்லாரும் பேண்ட், சட்டை. என் பக்கத்தில் இருந்த மாமா ஒரு பையனைக் கூப்பிட்டு, “வேட்டி அழகா கட்டியிருக்கியே தம்பி, யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றார். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் இடுப்பில் கை வைத்து ‘சர்ர்’ என்று பிரித்துக் காட்டினான். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை! உள்ளே பாக்கெட் வேறு.

“வேட்டிக்கு எதுக்குடா பாக்கெட்?”

“ஹேன்போன், டோலுக்கும் ரயிலுக்கும் தட்டுற டச் அண்ட் கோ கார்டு எல்லாம் எங்க மாமா வைக்கிறது?”

மாமா அசந்துபோனார். அப்புறம் அவர் கதை வந்தது. 1970களில் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்தவர். வேட்டி கட்டினால் ‘தோட்டத்து ஆள்’ என்று கிண்டல் செய்வார்களாம். முதல் சம்பளத்தில் பெல்பாட்டம் தைத்தார். கீழ் ஓரம் தரையில் உரசிக் கிழியாமல் இருக்க, உள்பக்கம் சுற்றிலும் ஜிப் வைத்துத் தைப்பார்களாம். அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனபோது அம்மா சொன்னாராம்: “ஒரு கால் துணியில எனக்கு ரவிக்கை தைச்சிடலாமேடா!” அன்றைக்கு விட்ட வேட்டியை மாமா இன்னும் எடுக்கவில்லை. பேரன்கள் எடுத்துவிட்டார்கள், வெல்க்ரோவோடு.

நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் கோட்டு சூட்டோடு நின்று, கழுத்து மாலைக்குள்ளேயே வெந்த மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

பினாங்குப் பையன்:
ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பழைய தையல்காரர் இருக்கிறார். காலோடு ஒட்டிய என் பழைய ஜீன்ஸைக் கொண்டுபோய், “அண்ணே, இப்ப லூஸ்தான் ஃபேஷன், கொஞ்சம் பெருசாக்குங்க” என்றேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நாங்க தைச்ச பேண்ட்டா இருந்தா பின்பக்கத் தையல்ல துணி விட்டு வச்சிருப்போம். வயிறு வளர வளரப் பிரிச்சு விடலாம். இது ரெடிமேட். இதுல விடுறதுக்கு நூலைத் தவிர ஒண்ணும் இல்ல தம்பி.”

அவர் சொன்னது சரிதான். அப்பா 1990களில் தைத்த, முன்பக்கம் மடிப்பு வைத்த தொளதொளா பேண்ட்டுகளைத் தேடினேன். அதையெல்லாம் எப்போதோ தானம் செய்துவிட்டாராம். கடைசியில் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் அதே மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். அப்பா அதைத் தொடவே இல்லை. “எவன் போட்டுச் செத்த துணியோ!” என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, “தையல் மட்டும் நல்ல தையல்” என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
ஆம்பளைங்க உடுப்பை ஆம்பளைங்களா முடிவு செய்றீங்க? தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நிறம். நிறம் நான் சொல்வேன், அளவு கடைக்காரர் சொல்வார், என் வீட்டுக்காரர் பில் கட்டுவார். போன தடவை மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் எடுத்த ஜிப்பா வெளிறிய ரோஸ். “இதைப் போட்டுட்டு எப்படி வெளிய போறது?” என்று முனகினார். திறந்த இல்ல விருந்துக்கு வந்த மூன்று நண்பர்களும் அதே ரோஸில் வந்து நின்றார்கள். பாவம், நால்வரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்றவன்:
அரசாங்க வேலையில் வியாழக்கிழமை என்றால் மெழுகுச் சாய வேலைப்பாடு போட்ட பாத்திக் சட்டைதான். அதனால் எங்கள் வீட்டில் பாத்திக்குக்குத் தனி மரியாதை. என் பெரியப்பாவுக்கு அந்த வேலையும் இல்லை, அந்தச் சட்டையும் இல்லை.

அந்தக் காலத்தில் கெந்திங் மலைச் சூதாட்டக் கூடத்துக்குள் போக ஆண்கள் டை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுக்கை பாத்திக் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் வருபவர்களுக்கு வாசலில் பாத்திக் வாடகைக்குக் கிடைக்கும். ‘கம்பெனி மீட்டிங்’ என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு மலையேறிய பெரியப்பா அதை மாட்டிக்கொண்டு ஹோட்டல் லாபியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். தோள் தையல் முழங்கை வரை தொங்கும். படம் சட்டைப் பையிலேயே இருந்து, துவைக்கும்போது பெரியம்மா கையில் அகப்பட்டது.

“பெரிய ஆபிஸர் மாதிரி இருக்காரு!” என்று பெரியம்மா அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டிவிட்டார். விருந்தாளி வரும்போதெல்லாம் பெரியப்பா அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.