43 வயதில் பட்டப்படிப்பு: வேலை அனுபவத்தை எப்படி எழுதுவது?

வணக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் பாதியில் விட்ட படிப்பை முடிக்க இறங்கியிருக்கிறேன். உளவியல், புள்ளியியல், நிர்வாகம் மூன்றையும் கலந்து படிக்கும் பல்துறை இளங்கலை. பழைய மதிப்பெண் பட்டியலைத் தூசி தட்டி எடுத்தால், மடிப்பில் ஒரு பாடத்தின் பெயரே அழிந்திருக்கிறது! சரி, அது என் பாடு.

வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) உண்டாம். ஆனால் பார்த்த வருஷங்களுக்கு இல்லை, அதில் கற்றதற்குத்தான். அதைச் சான்றுகளோடு தொகுத்து எழுதித் தர வேண்டும். கிடங்கில் 12 வருஷம் சரக்கு இருப்பைக் கணக்கிட்டதைப் 'புள்ளியியல்' என்று எழுதினால் ஏற்பார்களா? இப்படித் தொகுப்பு தயாரித்தவர்கள் இருந்தால், எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், இப்படிப் பல்துறைப் பட்டத்தோடு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, 'உங்கள் முதன்மைப் பாடம் எது?' என்று கேட்டு யாரையாவது திருப்பி அனுப்பினார்களா?