மெடிக்கெய்டு பணத்தில் 80% உதவியாளர் சம்பளத்துக்கே போகவேண்டும் என்ற விதி: சரியா, தவறா?

மூத்தமகள்:
அம்மாவுக்கு மெடிக்கெய்டில் (அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) வாரம் 28 மணி நேரம் வீட்டு உதவியாளர் அனுமதி கிடைத்திருக்கிறது. காகிதத்தில். போன மாதம் மூன்று நாள் ஆளே வரவில்லை. காலை 8 மணிக்கு வரவேண்டியவர் வரமாட்டார் என்று ஏஜென்சியிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது 9:40-க்கு. நான் ஆபீஸ் மீட்டிங்கில். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அம்மா ராத்திரி கட்டிய டயப்பரோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு வந்தாச்சா?" என்று கேட்கிறார்.

ஏஜென்சியில் சண்டை போட்டேன். "நாங்கள் தரும் சம்பளத்துக்கு ஆள் நிற்பதில்லை மேடம்" என்று அவர்களே சொல்கிறார்கள். சரி, ஏன் அந்தச் சம்பளம்? அரசு தரும் பணம் எங்கே போகிறது?

தேடியபோது இது கண்ணில் பட்டது: 2024-ல் அமெரிக்க மத்திய அரசு இறுதி செய்த விதிப்படி, வீட்டு வேலை உதவி, ஹோம் ஹெல்த் எய்ட் (வீட்டில் உடல்நலப் பராமரிப்பு உதவி), பர்சனல் கேர் (குளிப்பது, உடுப்பது போன்றவற்றுக்கு உதவி) ஆகிய மூன்று சேவைகளுக்கும் வரும் மெடிக்கெய்டு பணத்தில் குறைந்தது 80% உதவியாளர்களின் ஊதியத்துக்குப் போகவேண்டும். ஆனால் அமலுக்கு வருவது 2030-ல். ஆறு வருடம் எதற்கு? இன்றைக்கே செய்தால் என்ன?

வரவுசெலவு:
நான் சின்ன ஏஜென்சி ஒன்று நடத்துகிறேன், 40 உதவியாளர்கள். திட்டுவதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, மாநிலம் மணிக்கு 30 டாலர் தருகிறது என்று வையுங்கள். 80% என்றால் 24. சம்பளம் 22 போட்டால், முதலாளி கட்டவேண்டிய சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி 7.65%, அதாவது 1.68. மொத்தம் 23.68 ஆகிவிட்டது. மீதி ஆறு டாலர் சொச்சத்தில் ஆபீஸ் வாடகை, பில்லிங், இன்ஷூரன்ஸ், ஷிப்ட் போடும் ஒருங்கிணைப்பாளர், ராத்திரி ஃபோன் எடுக்க ஒரு ஆள், சூப்பர்வைசர் நர்ஸ். உங்கள் அம்மா வீட்டுக்கு அவசரத்துக்கு மாற்று ஆள் அனுப்பவேண்டும் என்றால், அந்த ஆளைத் தேடுவது இந்த ஆறு டாலரில் சம்பளம் வாங்குபவர்தான். அதையும் வெட்டினால் 9:40-க்கு வந்த ஃபோன்கூட வராது.

ரேட்டை வைப்பது நான் இல்லை, மாநிலம். ரேட்டை ஏற்றாமல் சதவீதம் மட்டும் வைத்தால் என்ன நியாயம்?

காலை_ஷிப்ட்:
நான் அந்த "நிற்காத ஆள்". ஒன்பது வருடமாக இதே வேலை.

அண்ணா, 22 டாலர் என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் உண்மையில் தருவது எவ்வளவு? பேச்சுக்குச் சொன்ன கணக்கு வேண்டாம், சொந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பழைய_ஆடிட்டர்:
வரவுசெலவு சொன்னதில் ஒரு திருத்தம். நான் மெடிக்கெய்டு பில் தணிக்கையில் பல வருடம் இருந்தவன், அதனால் விதியை வரி வரியாகப் படித்தேன்.

சூப்பர்வைசர் நர்ஸ் சம்பளத்தை அந்த ஆறு டாலரில் போட்டிருக்கிறீர்கள். உதவியாளரை மேற்பார்வை செய்யும் நர்ஸின் ஊதியம் 80-க்குள்ளேயே சேரும். பயிற்சியாளர் செலவு, மைலேஜ், கையுறை மாஸ்க் செலவு ஆகியவற்றை மொத்தத்திலிருந்து முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் 80% பார்க்கவேண்டும். முதலாளி பங்கு வரி, விடுப்புச் சம்பளம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் ஊதியக் கணக்கில்தான். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாகப் பார்ப்பதும் இல்லை, ஏஜென்சி மொத்தமாகக் காட்டினால் போதும். சின்ன ஏஜென்சிகளுக்கு மாநிலம் வேறு அளவு வைக்கவும், கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு தரவும்கூட இடம் இருக்கிறது. இவ்வளவு சலுகைக்குப் பிறகும் முடியாது என்றால், எங்கேயோ ஓட்டை.

வரவுசெலவு:
நர்ஸ் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இடம் இருக்கிறது" என்பதும் "கிடைக்கும்" என்பதும் ஒன்றா சார்? என் மாநிலம் விலக்கு தருமா என்பது 2029-ல் யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதை நம்பி நான் வங்கியில் கடன் வாங்க முடியாது. ரேட் எனக்கு 60 நாள் கழித்து வருகிறது, சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டும். நடுவில் உள்ள வட்டி எந்த 80-ல் வருகிறது?

தம்பிதான்_பார்க்கிறான்:
எதற்கு இவ்வளவு சண்டை? குடும்பமே ஆளை வைத்துக்கொள்ளும் திட்டத்துக்கு மாறுங்கள். எங்கள் அப்பாவைத் தம்பி பார்க்கிறான், மெடிக்கெய்டிலிருந்து அவனுக்குச் சம்பளம். ஏஜென்சி என்ற இடைத்தரகர் தேவையில்லை.

மூத்தமகள்:
உங்களுக்குத் தம்பி இருக்கிறார். எனக்கு இருப்பது ஆபீஸ் வேலையும் இரண்டு பிள்ளைகளும்.

காலை_ஷிப்ட்:
அந்தத் திட்டத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால்? சண்டை ஏஜென்சி வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. இருக்கிற ஏஜென்சி பொதுப் பணத்தை வாங்குகிறது, அதற்கு என்ன கணக்குச் சொல்கிறது என்பதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1974-ல் சம்பளச் சட்டத்தைத் திருத்தியபோது எங்களை "துணைக்கு இருப்பவர்" என்று ஒதுக்கிவிட்டார்கள். குறைந்தபட்சக் கூலியும் இல்லை, ஓவர்டைமும் இல்லை. குளிப்பாட்டி, மலம் துடைத்து, தூக்கி நிறுத்துபவர் துணைக்கு இருப்பவராம்! எவலின் கோக் என்ற உதவியாளர் ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏஜென்சி பக்கம் நின்றார்கள். 2013-ல்தான் விதி மாறியது, வழக்கெல்லாம் முடிந்து நடைமுறைக்கு வர 2015 ஆனது. இப்போது 2025 ஜூலையில் அதையும் திரும்பப் பெறலாம் என்று தொழிலாளர் துறையே முன்மொழிந்தது. ஆகையால் "பொறுங்கள், 2030-ல் வரும்" என்றால் எங்களுக்குச் சிரிப்புதான் வரும்.

பழைய_ஆடிட்டர்:
சம்பளத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பொதுப் பணம் என்றால் சோதனையும் வேண்டும். நான் பார்த்த ஒரு பில்லில், கிளையன்ட் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நான்கு நாளுக்கும் "வீட்டில் குளிப்பாட்டினேன், சமைத்தேன்" என்று கையெழுத்து இருந்தது. நான்கு நாளும் ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதியது. இதனால்தான் 2016 சட்டத்தில் மின்னணு வருகைப் பதிவு வந்தது. என்ன சேவை, யாருக்கு, யார் செய்தார், எந்த நாள், எந்த இடம், எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது. இந்த ஆறும் பதிவாகவேண்டும். செய்யாத மாநிலத்துக்கு, இந்தச் சேவைகளுக்கு மத்திய அரசு தரும் மெடிக்கெய்டு பங்கில் 1% வரை வெட்டு.

காலை_ஷிப்ட்:
அந்த ஆறு விஷயத்தைப் பதிவு செய்ய நான் படும் பாட்டைக் கேளுங்கள் சார். என்னுடைய ஒரு கிளையன்ட் வீடு பேஸ்மென்ட். சிக்னல் கிடையாது. ஆப்பில் "ஸ்டார்ட்" அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஏறி, பனியில் தெருவோரம் நின்று, ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அழுத்துவேன். பச்சை விழும். திரும்பி இறங்குவதற்குள் பாட்டி தானாகவே பாத்ரூமுக்கு எழுந்திருப்பார். இரண்டு மாதம் முன்னால் அப்படித்தான் நிலைதடுமாறிச் சுவரில் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. மாலையில் "இருப்பிடம் பொருந்தவில்லை" என்று அந்த நாளின் நான்கு மணி நேரத்தையும் நிறுத்தி வைத்தார்கள். ஆபீசுக்கு மூன்று ஃபோன் போட்டு, ஒரு படிவம் நிரப்பி, பதினொரு நாள் கழித்துப் பணம் வந்தது.

ஏமாற்றிய ஏஜென்சிகளுக்காகப் போட்ட பூட்டு, மாட்டிக்கொண்டது என் கை.

பழைய_ஆடிட்டர்:
சட்டம் ஜிபிஎஸ் கேட்கவே இல்லை. கிளையன்ட் வீட்டு லேண்ட்லைனிலிருந்து ஒரு எண்ணைக் கூப்பிட்டுப் பதிவு செய்யும் முறையும் செல்லும். சுமை மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. உங்களுக்கு ஜிபிஎஸ் ஆப்பைத் தேர்ந்தெடுத்தது மாநிலமோ ஏஜென்சியோதான்.

காலை_ஷிப்ட்:
ஒன்பது வருடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

மூத்தமகள்:
எனக்கும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உதவியாளர் வந்ததை இவ்வளவு துல்லியமாகப் பதிகிறார்களே, வராததை யார் பதிகிறார்கள்? அந்த மூன்று நாளுக்கு ஏஜென்சி பில் போடவில்லை, அதனால் அரசின் கணக்கில் தப்பே நடக்கவில்லை. திருட்டு இல்லை என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது.

பழைய_ஆடிட்டர்:
உண்மை. நாங்கள் பில்லைத்தான் பார்த்தோம். பில் போடாத மணி நேரம் எங்கள் மேஜைக்கு வந்ததே இல்லை. அதே 2024 விதியில், அனுமதித்த மணி நேரத்தில் எவ்வளவு உண்மையில் கொடுத்தார்கள் என்று மாநிலம் தெரிவிக்கவேண்டும் என்ற பகுதியும் இருக்கிறது. 80% பற்றிய சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் முதல் பதிவில் விட்டுவிட்டேன்.

வரவுசெலவு:
அதற்கு நான் எதிர்ப்பில்லை. வராத நாளுக்கு அபராதம் வைத்தால்கூட வாங்கிக்கொள்வேன், மாற்று ஆளைத் தயாராக வைக்க ரேட்டில் ஒரு பங்கு தந்தால். சும்மா காத்திருக்கும் ஆளுக்கு இப்போது யார் காசு தருகிறார்கள்?

காலை_ஷிப்ட்:
அண்ணா, எல்லாம் பேசிவிட்டீர்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வரவுசெலவு:
சரி. நேற்று ராத்திரி உட்கார்ந்து போன வருடக் கணக்கைப் போட்டேன். நர்ஸைச் சேர்த்து, மைலேஜையும் கையுறையையும் கழித்து, 72% வந்தது. நான் 65 இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீதியில் பெரிய செலவு எது தெரியுமா? ஆள் எடுக்கும் விளம்பரமும், புதிதாக வருபவர்களைச் சேர்க்கும் வேலையும். போன வருடம் 40 இடத்துக்கு 31 பேரைப் புதிதாக எடுத்தேன்.

மூத்தமகள்:
31 பேர் ஏன் போனார்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா?

வரவுசெலவு:
இல்லை. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. யாரும் நிரப்புவதில்லை.

காலை_ஷிப்ட்:
நான் நிரப்பித் தருகிறேன், அனுப்புங்கள். இப்போது பாட்டி வீட்டுக்குக் கிளம்பவேண்டும். இன்றைக்கு அவருடைய லேண்ட்லைன் வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன்.