சர்வரில் கழற்றிய எஸ்எஸ்டி: எடுக்கலாமா, விடலாமா?

கீழக்கரை ஸ்டுடியோ:
கல்யாண வீடியோ எடுக்கிற கடை நடத்துகிறேன். 4கே வந்த பிறகு ஒரு கல்யாணத்துக்கே அரை டிபி போய்விடுகிறது. எடிட்டிங் மெஷினுக்குப் பெரிய டிஸ்க் தேவை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒருவர் '3.84 டிபி, யு.2, டேட்டா சென்டரில் கழற்றியது' என்று ஒரு எஸ்எஸ்டிக்கு விளம்பரம் போட்டிருக்கிறார் (யு.2 என்பது சர்வர் எஸ்எஸ்டி மாட்டுகிற ஒரு வகை வாயாம்). புதிய 4 டிபி விலையில் பாதிகூட வராது. வந்து சேர்ந்த பிறகு ஒரு வாரம் சோதித்துப் பார்க்க டைம் தருவாராம். எடுக்கலாமா?

பாம்பன் காத்து:
வேண்டாம் பாய். வருஷக்கணக்கில் ராத்திரி பகலாக ஓடிய சாமான். நம் பக்கத்து உப்புக் காற்றில் புது சாமானே தாங்குவதில்லை. ரிப்பேருக்கு வருகிற போர்டுகளைத் தினமும் பார்க்கிறேன்: கனெக்டரில் முலாம் தேய்ந்த பின்னில் பச்சை பூத்திருக்கும், துடைத்து விட்டால் ஒரு மழைக்காலம் ஓடும், அவ்வளவுதான். சர்வர் டிஸ்க்கை எத்தனை தடவை செருகி உருவினார்களோ, அந்தப் பின்களின் கதி என்னவோ. புதுசு வாங்குங்கள், ஐந்து வருஷ வாரண்டியோடு.

உச்சிப்புளி சர்வர்:
அண்ணே, கெட்டுப்போய்க் கழற்றுவதில்லை. வாரண்டியோ லீஸோ முடிந்ததும் ரேக்கோடு மாற்றுவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் பாதி டிஸ்க்குகள் பத்து சதவீதம்கூடத் தேயாமல்தான் வெளியே போயின.

கணக்கைப் பாருங்கள். இந்த வகை டிஸ்க்கில் பலவற்றுக்கு, தினம் ஒரு தடவை முழு டிஸ்க்கையும் எழுதினாலும் ஐந்து வருஷம் தாங்கும் என்று உத்தரவாதம். 3.84 டிபிக்கு அது மொத்தம் 7 பெட்டாபைட், அதாவது 7,000 டிபி எழுதுகிற அளவு. கடையில் புதிதாகக் கிடைக்கிற சாம்சங் 990 ப்ரோ 4 டிபிக்கு 2,400 டிபி எழுதும் வரைதான். அதாவது பாதி தேய்ந்த சர்வர் டிஸ்க்கில் மிச்சம் இருப்பதே புதுசை விட அதிகம்.

இன்னொன்று, கரண்ட். உள்ளே வரிசையாகக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கையில் இருக்கிற டேட்டாவை எழுதி முடிக்கிற அளவுக்கு அதில் சார்ஜ் இருக்கும். வீட்டு எஸ்எஸ்டியில் பெரும்பாலும் அது கிடையாது. நம் ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்?

பாம்பன் காத்து:
கரண்டுக்கு யுபிஎஸ் இருக்கிறது தம்பி. ஸ்டுடியோக்காரர் அது இல்லாமலா எடிட் பண்ணுகிறார்? சூட்டுக்கு என்ன செய்வீர்கள்? யு.2 டிஸ்க் வேலை செய்யும்போது பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும். சர்வரில் முன்னாலிருந்து விசிறிகள் ஊதிக்கொண்டே இருக்கும். சாதாரண கேபினெட்டில் வைத்தால் தோசைக்கல். விசிறி வைத்தால் அது உப்புக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

அப்புறம், சர்வர் எஸ்எஸ்டியைக் கரண்ட் இல்லாமல் வைத்தால் மூன்று மாதத்தில் டேட்டா போய்விடும் என்று ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. கல்யாண ஃபுட்டேஜை அதில் போட்டு பீரோவில் வைத்தால்?

உச்சிப்புளி சர்வர்:
ஸ்டாண்டர்டைப் பாதி சொல்கிறீர்கள். ஸ்டாண்டர்ட் போடுகிற ஜெடெக் அமைப்பு சொல்வது, எழுதும் ஆயுள் *முழுக்கத் தீர்ந்த* டிஸ்க், 40 டிகிரியில், குறைந்தது மூன்று மாதம் தாங்க வேண்டும் என்று. வீட்டு எஸ்எஸ்டிக்கு 30 டிகிரியில் ஒரு வருஷம். பத்து இருபது சதவீதம் தேய்ந்ததற்கு அந்தக் கணக்கு வராது. இருந்தாலும் எந்த எஸ்எஸ்டியையும் பீரோவில் வைக்காதீர்கள் பாய், அதற்கு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. இது வேலை செய்கிற டிஸ்க்.

விசிறி விஷயம் நியாயம். ஃபில்டர் போட்டு, ஏசி அறையில் வைக்க வேண்டும்.

தொண்டிக்காரன்:
ரெண்டு பேரும் டிஸ்க்கைப் பார்க்காமலேயே சண்டை போடுகிறீர்கள். ஸ்டுடியோ காக்கா, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்டை விற்பவரிடம் வாங்கிப் போடுங்கள். அதில் ஓடிய மணிநேரத்தை முதலில் பாருங்கள். 2019 நவம்பரில் சர்வர் கம்பெனி ஹெச்பிஇ தன்னுடைய சில எஸ்ஏஎஸ் (சர்வரில் வரும் இன்னொரு இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி ஓடியதும் செத்துவிடும், டிஸ்க்கும் டேட்டாவும் திரும்பாது என்று அறிவித்தது. அடுத்த மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி. டிஸ்க்குக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் வந்த பிழைதான், அப்டேட் போட்டால் சரி. அப்டேட் போடாமல் கழற்றி விற்றதை யார் வாங்கினார்களோ!

கீழக்கரை ஸ்டுடியோ:
ரிப்போர்ட் வாங்கிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது இவ்வளவுதான்:
பெர்சன்டேஜ் யூஸ்டு எண்டுரன்ஸ் இண்டிகேட்டர்: 17%
அக்யுமுலேட்டட் பவர் ஆன் டைம்: 41,210 மணி
கிகாபைட்ஸ் ப்ராசஸ்டு என்று ஒரு பட்டியல், எரர் எல்லாம் 0.

உச்சிப்புளி சர்வர்:
17 சதவீதம்தானே தேய்ந்திருக்கிறது! 40,000 தாண்டியும் உயிரோடு இருக்கிறது. எடுங்கள்.

தொண்டிக்காரன்:
பொறுங்கள். இது யு.2 இல்லை. யு.2 டிஸ்க் என்விஎம்இ என்ற முறையில் பேசும்; அப்படி இருந்தால் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' என்று வரும். 'எண்டுரன்ஸ் இண்டிகேட்டர்', 'கிகாபைட்ஸ் ப்ராசஸ்டு' எல்லாம் எஸ்ஏஎஸ் டிஸ்க்கின் ரிப்போர்ட். இரண்டின் வாயும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மேல் பகுதியை ஏன் வெட்டினார்? டேட்டாவை எத்தனை பைட் துண்டாக வைக்கிறது என்று காட்டும் லாஜிக்கல் பிளாக் சைஸ் என்ற வரியைக் கேளுங்கள்.

கீழக்கரை ஸ்டுடியோ:
கேட்டேன். 'எஸ்ஏஎஸ்' என்று இருக்கிறது. பிளாக் சைஸ் 520.

பாம்பன் காத்து:
நான் அப்போதே சொன்னேன்.

உச்சிப்புளி சர்வர்:
நீங்கள் சொன்னது வேறு அண்ணே, உப்பும் சூடும். இது ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து வந்தது, வழக்கமான 512ஐ விட பிளாக்குக்கு 8 பைட் கூடுதல். விண்டோஸ் ஏற்காது. லினக்ஸில் எஸ்ஜி_ஃபார்மேட் என்ற கட்டளை போட்டு 512க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சாதாரண மதர்போர்டில் எஸ்ஏஎஸ் ஓடாது, தனி கார்டு வேண்டும். பழைய எல்எஸ்ஐ 9300 கார்டும் கேபிளும் அதிக விலை ஆகாது.

பாம்பன் காத்து:
அந்தக் கார்டும் கொதிக்கும், அதற்கும் ஒரு விசிறி. ஃபார்மேட் பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பம். கல்யாண சீசனில் இவர் எடிட் பண்ணுவாரா, லினக்ஸ் படிப்பாரா?

கீழக்கரை ஸ்டுடியோ:
இது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரிடமே சாட்டா, அதாவது சாதாரண மதர்போர்டிலேயே இருக்கிற வாய்க்கான டிஸ்க், ஒன்று இருக்கிறதாம், சாம்சங் பிஎம்883, அதே 3.84 டிபி. கார்டு வேண்டாம், நேராக மாட்டலாம் என்கிறார்.

உச்சிப்புளி சர்வர்:
நல்ல டிஸ்க், கெப்பாசிட்டரும் உண்டு. ஆனால் சாட்டாவில் விநாடிக்கு 550 எம்பிக்கு மேல் வராது. யு.2 என்றால் அதைப் போல ஐந்தாறு மடங்கு.

பாம்பன் காத்து:
100 மெகாபிட்டில் எடுக்கிற 4கே விநாடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எம்பிதான். நாலு கேமராவை ஒன்றாக ஓட்டினாலும் 550இல் பத்தில் ஒரு பங்கு. சூடும் குறைவு. பழசு எனக்குப் பிடிக்காது, ஆனால் எடுப்பதென்றால் இதை எடுங்கள். பின்களை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

தொண்டிக்காரன்:
லேபிளில் இருக்கிற சீரியல் நம்பரும் ரிப்போர்ட்டில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள் காக்கா. ஆனால் அந்தப் படத்தை இங்கே போட வேண்டாம்.

கீழக்கரை ஸ்டுடியோ:
சரி. வெட்டாத ரிப்போர்ட், பின் படம், லேபிள் படம், மூன்றும் கேட்டிருக்கிறேன். 'இவ்வளவு கேட்கிற ஆள் நீங்கள்தான் சார்' என்கிறார்.