தலைவர்களின் இறுதி நிகழ்வுகளை ஒப்பிடும்போது எந்த எண்ணை நம்புவது?

செழியன்_ம (கேள்வி)

வணக்கம். வெவ்வேறு நாட்டுத் தலைவர்களின் இறுதி நிகழ்வுகளையும், ஊடகங்கள் அவற்றைக் காட்டிய விதத்தையும் ஒப்பிட்டு நீண்ட கட்டுரை ஒன்று எழுதுகிறேன். கென்னடி (1963), அண்ணா (1969), ஈரானின் கொமேனி (1989), மண்டேலா (2013), சிங்கப்பூரின் லீ குவான் யூ (2015), எலிசபெத் அரசி (2022) என ஆறு பேரை எடுத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டங்கள்: வந்த கூட்டம், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், துக்க நாட்கள், நாளிதழ்ப் பக்கங்கள்.

நிரப்பிப் பார்த்தால் முதல் கட்டமே உறுத்துகிறது. அண்ணாவுக்கு 1.5 கோடி, கொமேனிக்கு 1.02 கோடி, லீக்கு 4.5 லட்சம், அரசிக்கு 2.5 லட்சம், மண்டேலாவுக்கு 1 லட்சம். இதை வைத்து "மண்டேலாவுக்குக் குறைவான மக்களே வந்தார்கள்" என்று எழுத மனம் ஒப்பவில்லை. பிழை எங்கே இருக்கிறது? எதை வைத்துக்கொள்ளலாம், எதை நீக்கலாம்?

நெடுங்கணக்கன்

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஒரே கட்டத்துக்குள் இரண்டு வேறு எண்கள் கலந்துவிட்டன. தெருவில் நின்ற கூட்டம் மதிப்பீடு. உடல் வைக்கப்பட்ட மண்டபத்துக்குள் வரிசையில் போனவர்கள் தொகை ஏறக்குறைய எண்ணிப் பார்த்தது. முதலாவது எவ்வளவும் வீங்கும். இரண்டாவது, வாசல் அனுமதிக்கும் அளவைத் தாண்டவே தாண்டாது.

மண்டபக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கையைத் திறந்திருந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அரசியின் உடல் வைக்கப்பட்ட லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் 2022 செப்டம்பர் 14 மாலை 5 மணிக்குத் திறந்து 19 காலை 6.30 வரை இரவு பகலாக இயங்கியது. 109.5 மணி நேரம். 2.5 லட்சத்தை வகுத்தால் மணிக்குச் சுமார் 2,300 பேர். பிரிட்டோரியா யூனியன் கட்டடத்தில் மண்டேலாவின் உடல் மூன்று நாட்கள், பகலில் மட்டும் வைக்கப்பட்டது. முதல் நாள் காலை குடும்பத்தாருக்கும் வெளிநாட்டு விருந்தினருக்கும் போக, பொதுமக்களுக்குக் கிடைத்தது மொத்தம் 25 மணி நேரம் அளவுக்குத்தான். அப்படியானால் மணிக்குச் சுமார் 4,000 பேர். லண்டனை விட வேகமாக நகர்ந்த வரிசை அது. கடைசி நாளில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போக முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் உங்கள் 1 லட்சத்தில் இல்லை.

சிங்கப்பூரில் இன்னும் தெளிவாகத் தெரியும். லீயின் உடல் நாடாளுமன்றக் கட்டடத்தில் மார்ச் 25 முதல் 28 வரை இருந்தது. தினமும் காலை 10 முதல் இரவு 8 வரை என்பதுதான் முதல் அறிவிப்பு. வரிசை நீண்டதைப் பார்த்து அன்றே 24 மணி நேரமாக மாற்றினார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் அந்த 4.5 லட்சம் பாதியாகியிருக்கும். மக்களின் துக்கம் அதனால் பாதியாகியிருக்காது.

வாசலின் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்பதையும் கட்டுரையில் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனைதான் அடைப்பு. விமான நிலையம் போலப் பையைத் திறந்து பார்த்தால் மண்டபத்துக்குள் இடம் காலியாக இருந்தாலும் வரிசை நகராது. வெஸ்ட்மின்ஸ்டரில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை காவல் மாறும்போது மக்கள் நின்று நின்று போனார்கள். வரிசையின் தொடக்கமான சதர்க் பூங்கா நிரம்பியதும் புதிதாகச் சேர்வதையே சில மணி நேரம் நிறுத்தினார்கள். மணிக்கட்டுப் பட்டை கொடுத்ததால் ஆட்கள் கழிவறைக்குப் போய்த் திரும்ப முடிந்தது, இடத்துக்குச் சண்டையும் இல்லை.

இனி தெருக்கூட்டம். பரப்பளவு பெருக்கல் அடர்த்தி என்பதுதான் அடிப்படை. இதை முறைப்படுத்தியவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர்–பேராசிரியர். தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமானதில் 4.5, மிக நெரிசலானதில் 2.5 சதுர அடி. சதுர மீட்டரில் சொன்னால் 1, 2.4, 4.3 பேர். 5, 6 பேரைத் தாண்டினாலே உயிராபத்து. 7க்கு மேல் தனி மனிதர் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம் போகிறார்.

கொமேனிக்கான 1.02 கோடி கின்னஸில் இருப்பது; 32 கிலோமீட்டர் வழியெங்கும் நின்றவர்கள் என்று கணக்கு. இரு ஓரமும் சேர்த்து 50 மீட்டர் அகலம் எனத் தாராளமாகக் கொடுங்கள். 16 லட்சம் சதுர மீட்டர் வருகிறது. 1.02 கோடிப் பேர் ஒரே நேரத்தில் நிற்க, 32 கிலோமீட்டர் முழுக்கச் சதுர மீட்டருக்கு 6 பேருக்கு மேல் வேண்டும். பலர் வந்து போனார்கள், கூட்டம் சுழன்றது என்று வாதிடலாம். அப்படியானால் எத்தனை முறை சுழன்றது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

அண்ணாவின் 1.5 கோடியும் கின்னஸ் கணக்கே. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்களே சுமார் 4.12 கோடி. கைக்குழந்தை, முதியவர் எல்லோரையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சென்னைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு ரயிலில் கூரை மேல் உட்பட 3,000 பேர் என்று வைத்தாலும், 1 கோடிப் பேரைக் கொண்டுவர 3,300க்கு மேற்பட்ட ரயில்கள். சென்னை கண்டிராத பெருங்கூட்டம் அது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்தப் பெருமைக்கு இந்த எண் தேவையும் இல்லை. "கின்னஸ் கூறும் எண்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள், உங்கள் எண்ணாக எழுதாதீர்கள்.

அலைவரிசை

தொலைக்காட்சிக் கட்டத்திலும் இதே நோய்தான். அரசியின் இறுதிச் சடங்கை 410 கோடிப் பேர் பார்ப்பார்கள் என்ற கணிப்பு நிகழ்வுக்கு முன்பே சுற்றியது. பிறகு அதுவே "பார்த்தார்கள்" என்று மாறிவிட்டது. பிரிட்டனிலேயே எல்லா அலைவரிசைகளும் சேர்த்து உச்சத்தில் சுமார் 2.8 கோடிப் பேர். நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.7 கோடி. சொந்த நாட்டில் பத்தில் நான்கு பேர். உலகம் முழுக்கப் பத்தில் ஐந்து பேரா? நம்ப முடியாது. உலகளாவிய பார்வையாளர் எண் எதையும் அட்டவணையில் சேர்க்காதீர்கள். முறையான பார்வையாளர் அளவீடு உள்ள நாட்டின் உள்நாட்டு எண்ணை மட்டும் எடுங்கள். அதிலும் உச்சம், சராசரி, குறைந்தது சில நிமிடங்களாவது பார்த்தவர் தொகை ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஒரு தலைவருக்கு உச்சமும் இன்னொருவருக்குச் சராசரியும் போட்டால் ஒப்பீடு அங்கேயே செத்துவிடும்.

நேரலை மணி நேரத்தை மக்கள் துக்கத்தின் அளவாகக் கொள்ளவே கூடாது. 2021 ஏப்ரலில் அரசியின் கணவர் இளவரசர் பிலிப் இறந்தபோது பிபிசி தன் வழக்கமான நிகழ்ச்சிகளை ரத்து செய்து பல அலைவரிசைகளில் ஒரே ஒளிபரப்பைக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் புகார்கள் குவிந்தன. ஒளிபரப்பின் நீளம் ஆசிரியர் குழுவின் முடிவு. அந்த முடிவும் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த திட்டப்படி நடப்பது. கென்னடி முற்றிலும் வேறு. எதிர்பாராத கொலை, தயாரித்து வைத்த படத்தொகுப்பு இல்லை. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் நான்கு நாட்கள் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பின, கேமராக்களைப் பகிர்ந்துகொண்டன. ஆகவே அட்டவணையில் "எதிர்பார்த்த மரணமா, திடீர் மரணமா" என்று ஒரு கட்டம் சேருங்கள். மற்ற எண்களில் பாதிக்கு அதுவே விளக்கம் தரும்.

பகிர்வு ஒளிபரப்பையும் கவனியுங்கள். அரசு நிகழ்வுகளில் பெரும்பாலும் ஒரே நிறுவனமோ கூட்டமைப்போ படம்பிடித்து எல்லோருக்கும் தரும். 20 அலைவரிசைகள் காட்டினாலும் பார்வை ஒன்றே. கேமரா எங்கே நிற்கலாம், எந்த முகத்தை அருகில் காட்டக்கூடாது என்பது முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். அரசியின் நிகழ்வில் துக்கத்தில் இருந்த குடும்பத்தாரின் சில காட்சித் துண்டுகளை மறுபடி ஒளிபரப்ப வேண்டாம் என்று அரண்மனை கேட்டது, நிறுவனங்களும் இசைந்தன. வட கொரியாவில் 2011 டிசம்பரில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். அந்நாட்டுத் தலைவர் கிம் ஜாங் இல்லின் இறுதி ஊர்வலத்தின் அரசு நிறுவனப் புகைப்படம் ஒன்றில் சாலையோரம் நின்ற ஒளிப்பதிவுக் குழுவினர் அழிக்கப்பட்டிருந்தனர். கண்டுபிடித்ததும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றன.

அறிவிப்பு நேரத்தையும் தனியாகக் குறித்து வையுங்கள். கிம் இறந்தது டிசம்பர் 17, உலகுக்குத் தெரிந்தது 19. 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மரணத்தை அவரது மருத்துவர் மருந்து செலுத்தி விரைவுபடுத்தினார். மாலைப் பத்திரிகைகளுக்குப் போகாமல் காலையில் வரும் டைம்ஸில் செய்தி வர வேண்டும் என்பது காரணங்களில் ஒன்று என்று அவரே குறிப்பு எழுதி வைத்திருந்தார். அது 1986இல்தான் வெளியே வந்தது. எதிர்த் திசையில், அவசரத்தால் வரும் பிழையும் உண்டு. லீ இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, பிரதமர் அலுவலக இணையப் பக்கம் போலப் போலியாகச் செய்த படத்தை நம்பி சிஎன்என் உட்படச் சில நிறுவனங்கள் மரணச் செய்தி வெளியிட்டுத் திருத்தம் போட்டன. 2016 டிசம்பர் 5 மாலை ஜெயலலிதா விஷயத்தில் சில தமிழ் அலைவரிசைகளும் இப்படி முந்தின, மருத்துவமனை மறுத்தது, இரவு 11.30க்கு இறந்தார் என்ற அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகே வந்தது.

நாளிதழ்ப் பக்கங்களை எண்ணும்போது செய்தியையும் இரங்கல் விளம்பரங்களையும் பிரித்து எண்ணுங்கள். நம் நாளிதழ்களில் கட்சிக்காரர்களும் நிறுவனங்களும் பணம் கட்டிப் போடும் முழுப்பக்க அஞ்சலிகள் எண்ணிக்கையை எங்கோ கொண்டுபோய்விடும். 1963இன் நாளிதழும் 2022இன் நாளிதழும் ஒரே பருமன் இல்லை என்பதால் பக்கத்தை எழுதாமல், அன்றைய மொத்தச் செய்தி இடத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுவதே சரி.

செழியன்_ம

இருவருக்கும் மிக்க நன்றி. மணி நேரத்தால் வகுப்பது எனக்குத் தோன்றவே இல்லை. துக்க நாட்கள் கட்டமாவது தப்புமா? அது அரசாணை, அதில் மதிப்பீடு எதுவும் கிடையாதே.

கொடிக்கம்பம்

ஆணை என்பதால் எண் சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஒப்பிட உதவாது. ஒவ்வொரு நாட்டுக்கும் வழக்கம் வேறு. அமெரிக்காவில் அதிபரோ முன்னாள் அதிபரோ இறந்தால் 30 நாட்கள் கொடி அரைக்கம்பம். துணை அதிபருக்கும் தலைமை நீதிபதிக்கும் 10 நாட்கள். மக்கள் அன்பு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 இறந்ததால் அந்த 30 நாள் புதிய அதிபரின் பதவியேற்பு நாளையும் தொட்டது. இந்தியாவில் கலாமுக்கும் வாஜ்பாய்க்கும் மன்மோகன் சிங்குக்கும் 7 நாட்கள்தான். 30ஐயும் 7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன சொல்ல முடியும்? ஈரானின் 40 நாள் மதவழி மரபிலிருந்து வருவது.

துக்க நாளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே அரசு வெவ்வேறு தலைவர்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். மண்டேலாவுக்கு இந்தியா 5 நாள் துக்கம் அறிவித்தது. லீக்கு ஒரு நாள், எலிசபெத்துக்கு ஒரு நாள். இந்த வேறுபாட்டில் பொருள் இருக்கிறது. தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டத்தோடு இந்தியாவுக்கு இருந்த நெடுநாள் உறவு அதில் தெரிகிறது.

கொடி விஷயத்தில் செய்தியாளர்கள் அடிக்கடி தவறுவதால் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டு இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் இறந்தால் நாடு முழுவதும் அரைக்கம்பம். மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுவதும். இது பதவியில் இருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு உள்துறை அமைச்சகம் தனியாக உத்தரவு அனுப்பும். மரணச் செய்தி பிற்பகலில் வந்தால் மறுநாளும் அரைக்கம்பம் தொடரும், அதற்குள் இறுதிச் சடங்கு முடிந்திராவிட்டால். கொடியை நேராகப் பாதிக் கம்பத்துக்கு ஏற்றக்கூடாது. முதலில் உச்சிக்கு ஏற்றி, பிறகு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும். உடல் மீது போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம். கொடியைக் குழிக்குள் இறக்குவதோ எரிப்பதோ கூடாது.

யாழினி_தெ

எல்லோரும் எண்களைச் சரிசெய்கிறீர்கள், நல்லது. ஆனால் வராமல் இருக்க முடிந்ததா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் கிம்முக்காகப் பனியில் நின்று கதறியவர்களை எப்படி எண்ணுவீர்கள்? அதற்காக எல்லாமே நடிப்பு என்று எழுதுவதும் பிழை. 1953இல் ஸ்டாலினைப் பார்க்க மாஸ்கோவில் திரண்டவர்களில் பலர் உண்மையாகவே அழுதவர்கள். துருப்னயா சதுக்கம் நோக்கிச் சரிவான தெருக்களில் இறங்கிய கூட்டத்தை லாரிகளை நிறுத்தி மறித்ததால் நெரிசலில் பலர் இறந்தார்கள். சோவியத் நாளிதழ்கள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எத்தனை பேர் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஊடகம் எதைக் காட்டியது என்று கேட்பவர், எதை விட்டது என்றும் கேட்டே ஆக வேண்டும்.

சுதந்திரமான நாட்டிலும் இந்தத் தேர்வு உண்டு. 2022 செப்டம்பர் 27, ஜப்பான் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயின் அரசு இறுதி நிகழ்வு. டோக்கியோவில் மலர் வைக்க ஆயிரக்கணக்கானோர் நீண்ட வரிசையில் நின்றார்கள். அதே நாளில் அரசுச் செலவில் நடத்துவதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் போராடினார்கள். கருத்துக்கணிப்புகளில் எதிர்ப்பே கூடுதலாக இருந்தது. எந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது என்பதை வைத்து ஒவ்வொரு நாளிதழும் எந்தப் பக்கம் நின்றது என்று காணலாம். உங்கள் ஆறு பேரோடு இவரையும் சேர்த்தால் கட்டுரை வலுப்படும்.

நெடுங்கணக்கன்

யாழினி சொல்வதை ஏற்கிறேன். நெரிசல் மரணம் என்ற கட்டத்தை நானே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அடர்த்தி எவ்வளவு இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு தடயம். கொமேனியின் உடலை 1989 ஜூன் 6 கொண்டுசென்றபோது மூடியில்லாத பெட்டியை மக்கள் சூழ்ந்து, உடலைச் சுற்றியிருந்த கஃபன் துணியைக் கிழித்ததால் அடக்கத்தை நிறுத்தி, உடலை ஹெலிகாப்டரில் திரும்பக் கொண்டுபோனார்கள். சில மணி நேரம் கழித்து உலோகப் பெட்டியில் வைத்து, காவலைக் கூட்டிய பிறகே அடக்கம் முடிந்தது. 2018 ஆகஸ்ட் 8 கருணாநிதி உடல் இருந்த ராஜாஜி மண்டபத்தில் நெரிசலில் இருவர் இறந்தார்கள்.

செழியன், படங்களைப் பயன்படுத்தும்போது ஒன்று. தொலைதூர லென்ஸில் எடுத்த படத்தில் 200 மீட்டர் நீளக் கூட்டம் ஒரே சுவர் போல் அடுக்கித் தெரியும். அதிலிருந்து அடர்த்தி கணிக்காதீர்கள். மேலிருந்து நேராக எடுத்த படம் கிடைத்தால் மட்டும் கட்டம் போட்டு, அடர்ந்த பகுதி, தளர்ந்த பகுதி என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஒரே நாளின் இரண்டு படங்கள் கிடைத்தால் நிழலின் திசையையும் நீளத்தையும் பார்த்து நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலைக் கூட்டத்தையும் மாலைக் கூட்டத்தையும் அப்படியே கூட்டினால், நாள் முழுக்க நின்றவரை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.